இரண்டு ஜோடியிலும் வலது பக்கம்

அன்பு மகள் சிட்டுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்போடு சண்டை இல்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் யோசிக்காமல் எழுதிவிடுவேன். இந்த முறை அந்த வரி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் நலம். உன் அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு நீயே சொல். பதறாதே, யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. உன் அப்பா இனிமேல் பள்ளிக்கூட வேனை ஓட்டலாமா, கூடாதா என்பதுதான் விஷயம். அது நீ அனுப்பிய இரண்டு ஜோடி இயர்பட்ஸில் இருந்துதான் கிளம்பியது. போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நடுவில் புகுந்து என்னைச் சமாதானம் செய்துவிடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

பார்சல் வந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். ஒன்றுமே கேட்காத வீட்டுக்கு எதற்கு இரண்டு ஜோடி? நீ சொன்ன காரணம் அப்படியே நினைவிருக்கிறது. கறுப்பு ஜோடி உடற்பயிற்சிக்காம், காதைச் சுற்றி மாட்டிக்கொள்ளக் கொக்கி வைத்ததாம். வெள்ளை ஜோடி சும்மா வீட்டில் பாட்டும் செய்தியும் கேட்பதற்காம். "ஆளுக்கு ஒண்ணா ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க, அப்புறம் மாத்திக்குங்க. எது நல்லாருக்குன்னு அம்மா சொன்னா அதையே நானும் வாங்கிக்குவேன்" என்றாய். ஆயத்த ஆடைக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாக செக்கிங் மேசையில் நிற்கிறவளிடம் ஒரு பொருளைக் கொடுத்து நல்லதா கெட்டதா என்று கேட்டால் அவள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாய். நானும் நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டு, கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று தேதி போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் என்னைத் தினமும் நாற்பது நிமிஷம் வேகமாக நடக்கச் சொல்லியிருக்கிறாரே, அதனால் முதலில் கறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளையை உன் அப்பா எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்பதைவிட, நான் கையில் திணித்தேன் என்பதுதான் சரி.

கறுப்பின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், நீ கேட்டதாயிற்றே. மைதானத்தை எத்தனை வேகமாகச் சுற்றினாலும் அது காதை விட்டு விழவில்லை. கயிறு தாண்டிப் பார்த்தேன், இந்த வயதில் இது வேறயா என்று மாடிவீட்டு டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்போதும் விழவில்லை. வியர்வை பட்டால் ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டியில் போட்டிருப்பதை நம்புகிற ஆளா நான்? ஈரத் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தேன், உள்ளேயிருந்து பாடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் என் கண்ணாடியின் காலும் அந்தக் கொக்கியும் காதுக்குப் பின்னால் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன, அரை மணி நேரத்தில் மடல் சிவந்து எரிகிறது. கண்ணாடி போடாதவர்கள் வாங்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். காற்று அடித்தால் நான் பேசுவது உனக்கு மாவு மில்லில் நின்று பேசுவதுபோல் கேட்டது என்று நீயே சொன்னாய். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, காதை முழுசாக அடைப்பதில்லை. பாட்டும் ஓடுகிறது, பின்னால் வருகிற சைக்கிள் மணியும் கேட்கிறது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் பத்து நாள் வரும் என்று போட்டிருக்கிறான், எனக்கு ஆறு நாள் வந்தது, மீதி நாலு நாள் புளுகு.

வெள்ளையைப் பற்றி உன் அப்பாவிடம் வாயைப் பிடுங்கித்தான் எழுத வேண்டியிருந்தது. வேன் ஓட்டும்போது அவர் அதைத் தொடவில்லை, அந்த விஷயத்தில் ஒழுங்கு. சாயங்காலம் வேனைக் கழுவும்போதும் வாசலில் உட்கார்ந்து செய்தி கேட்கும்போதும் மட்டும் மாட்டிக்கொள்வார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். உப்புப் போடாமல் சமைத்துக் கொடுத்தாலும் அவர் அதைத்தான் சொல்வார், அதை நோட்டில் எழுத முடியுமா? ஆறாம் நாள் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் போனை எடுத்து சார்ஜ் எவ்வளவு என்று பார்த்தேன். இடது பக்கம் நாற்பது, வலது பக்கம் நூறு. மறுநாளும் பார்த்தேன், இடது இறங்கியிருந்தது, வலது நூறு. வலது பக்கத்துக் கருவி பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் தடுமாறிவிட்டு "அது வேலை செய்யல, சத்தமே வரல. ஒண்ணு போதும் விடு" என்றார். ஒரு கை இல்லாத சட்டைக்கு நான் பாஸ் போடுவேனா? கம்பெனியில் குறை உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த வலது பக்கத்தின் மேல் ஒட்டி, கடைத்தெருவில் இருக்கும் போன் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் துடைத்து அவர் காதில் வைத்துப் பார்த்து "ரெண்டும் ஜோரா பாடுதுக்கா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க காதுல பாடி என்ன பிரயோஜனம், எங்க வீட்டுக்காரர் காதுல பாடலையே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். ரிப்பேர் தெரியாதவன், மழுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். என் வாயால் நானே சொன்னேன் பார், அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நீயே போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் சீப்பும் துண்டும் காதில் வைக்கிறதும் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது என்று உன்னை அடித்து வளர்த்தவள் நான், அந்தப் பிடிவாதம்தான் என்னை ஒரு வாரம் முட்டாளாக்கியது. பதினைந்தாம் நாள், மாற்றிக்கொள்ள வேண்டிய நாள் வந்ததும், பெட்டியில் இருந்த புது ரப்பரை மாட்டி வெள்ளையை நான் போட்டேன். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. வீட்டில் உட்கார்ந்து கேட்க வெள்ளைதான் ராஜா, குரல் அத்தனை தெளிவு, கண்ணாடியோடும் சண்டையில்லை. குனிந்தால் மட்டும் விழுந்துவிடுகிறது, துணி துவைக்கும்போது இரண்டு தடவை வாளிக்குள் கைவிட்டு எடுத்தேன். முடியை ஒதுக்கக் கை பட்டால் பேச்சு கட்டாகிவிடுகிறது. ரோட்டில் அதைப் போடவே கூடாது, லாரி உரசிக்கொண்டு போனாலும் கேட்காது. இதையெல்லாம் எழுதிவிட்டு, வலது பக்கம் எப்படி திடீரென்று சரியானது என்று யோசித்தேன். கடைக்காரர் நான் திரும்பி நின்ற நேரத்தில் மாற்றி வைத்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன், பாவம். அதற்குள் கறுப்பு உன் அப்பாவிடம் போய் நாலு நாள் ஆகியிருந்தது. போனைத் திறந்து பார்த்தேன். இடது ஐம்பது, வலது நூறு. கேட்டதற்கு "இதுலயும் அந்தப் பக்கம் சரியில்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. வேறு வேறு லாட்டில், தனித்தனிக் கட்டாக வந்த பீஸ்களில் ஒரே இடத்தில் ஒரே கறை இருந்தால் நாங்கள் துணியை ஒதுக்க மாட்டோம், மேசையைத் தடவிப் பார்ப்போம். எண்ணெய் மேசையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதுவரை இயர்பட்ஸ் செய்த கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், மலிவு விலையில் எதையோ வாங்கி அனுப்பிவிட்டாயோ என்று உன்னையும் சந்தேகப்பட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கொண்டிருந்த உன் அப்பாவைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வலது பக்கத்திலிருந்து "டீ வேணுமா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். திரும்பவில்லை. இடது பக்கம் போய் அதையே மெல்லச் சொன்னேன், "இப்பதானே குடிச்சேன்" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. சாப்பாட்டு மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்த நாற்காலியை விட்டுவிட்டு, ஜன்னல் காற்று வேண்டும் என்று எதிர்ப்பக்கம் மாறினாரே, அங்கே உட்கார்ந்தால் நான் அவருக்கு இடது பக்கம். ஒன்றாகக் கடைக்குப் போனால் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கமாக நடக்கிறாரே, அப்போதும் நான் அவருக்கு இடது பக்கம். ஒன்பது மாதமாக நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார், பல சமயம் பதிலே வராது. என்மேல் ஏதோ கோபம், சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். யாரோ என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். நானும் வீம்புக்குப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன் சிட்டு. சில நாள் காலையில் இருந்து சாயங்காலம் வரை நாலு வார்த்தைதான். ஆனால் அதைவிட என்னைக் கலக்கியது வேறு. நாலு மாதத்துக்கு முன்னால் வேனின் வலது கண்ணாடியை பைக்கில் வந்த ஒருவர் உரசிவிட்டாரே, நினைவிருக்கிறதா? மூன்று தடவை ஹாரன் அடித்தேன் என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். உன் அப்பா ஹாரனே கேட்கவில்லை என்றார். நானும் அங்கே போய் நின்று, பொய் சொல்றியே, உருப்படுவியா என்று அந்த ஆளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தேன். அவர் சொன்னது நிஜம். உன் அப்பா சொன்னதும் நிஜம். வண்டிக்குள் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன், வலது பக்கம் வேலை செய்யவில்லை என்று உன் அப்பா வாயிலிருந்து முதன்முதலில் வந்தது ஏழாம் நாள். நீ எனக்கு மெசேஜ் அனுப்பியது மூன்றாம் நாள். "அப்பாவுக்கு வலது பக்கம் சரியா உக்காருதா, கேக்குதாமா?" என்று கேட்டிருக்கிறாய். இடது பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. என் காதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அன்றைக்கு அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அந்த மெசேஜின் மேல் மனசுக்குள் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறேன். உனக்கு முன்னமே தெரியும். எத்தனை மாதமாகத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் நீ இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும். இயர்பட்ஸ் அனுப்பியது அவர் காது எவ்வளவு மோசம் என்று நீ தெரிந்துகொள்ளவா, இல்லை நானாகக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்றா, அதை மட்டும் எழுது. இரண்டாவது என்றால் உன்னை மன்னித்துவிடுவேன். அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்க முடியாமல் தவித்திருப்பாய், புரிகிறது. ஆனால் வாக்கா, அந்தப் பதினான்கு பிள்ளைகளா என்று வரும்போது எதைப் பிடிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லையா?

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேனைக் கழுவி முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும் உட்காரச் சொன்னேன். கறுப்பையும் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னேன். இந்த வீட்டில் நான் மட்டும் பொய் சொல்லாமல் இருந்து என்ன கண்டேன்? சிட்டு அப்பாவுக்கென்று பேசி அனுப்பியிருக்கிறாள், இடது பக்கத்தில் சார்ஜ் இல்லை, இதில் கேளுங்கள் என்று வலது காதில் நானே மாட்டிவிட்டேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டு நான் சமையலறைப் பக்கம் போய்விட்டேன், கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து லேசாகச் சிரித்தார். ஒரு தடவை தலையை ஆட்டினார். ஒரு நிமிஷம் பொறுத்து நான் வந்து எதிரில் நின்றதும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "நல்லாருக்காளாம், வேலைதான் கொஞ்சம் அதிகமாம், உன்னைய நேரத்துக்கு மாத்திரை போடச் சொன்னா" என்றார்.

நான் எதையும் போடவே இல்லை சிட்டு. போன் என் கையில் அணைந்தே இருந்தது. அதை அப்படியே திருப்பி அவருக்குக் காட்டினேன். நீ என்ன பேசுவாய் என்று அவர் தன் மனசிலிருந்தே எடுத்துச் சொல்லிவிட்டார், அதில் என் மாத்திரையையும் மறக்கவில்லை. அவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "எப்ப கண்டுபிடிச்ச" என்று கேட்டார். அப்புறம் எல்லாம் சொன்னார். போன வருஷக் கடைசியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் அடைத்துக்கொண்டதாம், தானாகத் திறக்கும் என்று விட்டுவிட்டாராம். தனியாகப் போய்க் காது டாக்டரைப் பார்த்திருக்கிறார். நரம்பு போய்விட்டது, உடனே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனிமேல் காது மெஷின்தான் என்றிருக்கிறார் டாக்டர். வெளியே தெரிந்தால் வேனை வாங்கிக்கொள்வார்கள், அடுத்த மாதம் ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை, அதையும் எப்படியாவது தாண்டிவிடலாம் என்று இருந்தாராம். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "யாருக்கும் தெரியாது, சத்தியமா" என்றார். அந்த நிலைமையிலும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை உன் அப்பா. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பரிசோதனை வரைக்கும் காத்திருக்க முடியாது, புதன்கிழமைக்குள் நீங்களாகப் போய்ப் பள்ளிக்கூட அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்றேன். பக்கத்து வீடுவரை கேட்கும்படி சண்டை நடந்தது. "என் சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போடுறியா" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அந்த ஹாரன் கேட்கவில்லையே, அன்றைக்குக் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பிள்ளை கையை நீட்டியிருந்தால் என்று மட்டும் கேட்டேன். அதோடு சாப்பிடாமல் படுத்துவிட்டார். திங்கள்கிழமை வழக்கம்போல் கிளம்பினார். இவர் எங்கே சொல்லப்போகிறார் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரில் போய் நின்றுகொண்டேன், உளவு பார்க்கத்தான் போனேன், வெட்கப்படவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை நிறுத்தினார். உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கையில் சாவி இல்லை. என்னைப் பார்த்துவிட்டார். ரோட்டைத் தாண்டும் முன்னால் நின்று, வலது பக்கம் மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து "இந்தப் பக்கம் வா, நீ பேசுறது கேக்கணும்" என்றார். இடது பக்கம் வா என்று அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. வீடுவரை நடந்தே வந்தோம், வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

டயர், எண்ணெய் பார்க்கிற வேலை ஏதாவது தருகிறோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்களாம். அது சும்மா வாய்வார்த்தை என்றுதான் எனக்குப் படுகிறது, கையில் எழுத்தாக வரட்டும், பார்க்கலாம். வியாழக்கிழமை காது டாக்டரிடம் இரண்டு பேரும் போகிறோம். அவர் காட்டுகிற மெஷினையும் நான் நோட்டோடுதான் போய்ப் பார்ப்பேன். நீ கேட்டதற்குப் பதில், நீயும் கண்ணாடி போடுகிறவள், கறுப்பு உனக்கு ஆகாது. வெள்ளையை வாங்கு, அறைக்குள் மட்டும் போடு, ரோட்டில் இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும்.

நல்லபடியாக இரு, உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா உன்னைக் கூப்பிடுவார். வேனை விட்டுவிட்டேன் என்று அவர் வாயாலேயே உன்னிடம் சொல்ல வேண்டுமாம், நான் முந்திக்கொள்ளக் கூடாதாம். அதனால் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள், எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் நடித்தவளுக்கு அது பெரிய காரியம் இல்லை. அழுகை வந்தால் இதைப் படிக்கும்போதே அழுது முடித்துவிடு. குரல் கம்மினால் அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்காது, ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி, தெளிவாகப் பேசு.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் முழுசாகத் தீராத,
உன் அம்மா.